பார்சலுக்கு ரசீது உண்டு, காருக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்தை ஒட்டித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள் என்று இருந்தது. முடிச்சூர்க்காரன் என்ற முறையில் அதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் பகுதியில் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பியவர்கள் இன்ஜினையே இழந்தார்கள். "அது நீங்களாகச் செய்துகொண்டது" என்று இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்ததும் எனக்குத் தெரியும். ஆனால் "இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்" என்பதோடு அந்தக் குறிப்பு முடிந்துவிட்டது. கூப்பிட்ட பிறகு என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். இடம் போதாமல் வெட்டுவதாக இருந்தால் முன்பகுதியில் வெட்டிக்கொள்ளுங்கள், பின்பகுதியை விட்டுவிடுங்கள்.

நான் தபால் துறையின் ரயில் அஞ்சல் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வில் வந்த பணத்தில் ஒரு கார் வாங்கினேன். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் ஆட்டோமேட்டிக்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மனைவியும் திருவண்ணாமலை போய்விட்டுத் திண்டிவனம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். அச்சிறுபாக்கம் நெருங்கும்போது பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. நாலைந்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக அணைந்து வண்டி ஓரமாக நின்றுவிட்டது. பிறகு தெரிந்தது, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. அதை மாற்ற ரூ. 14,200. இந்தத் தொகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸோடு சேர்த்து வாங்கிய சாலை உதவித் திட்டத்தின் எண்ணுக்குப் போன் செய்தேன். வண்டி எண்ணைச் சொன்னதுமே மாடல், வருடம், ஆட்டோமேட்டிக் என்பது வரைக்கும் அந்தப் பெண் திரையைப் பார்த்துப் படித்தார். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்தில் கிரேன் வந்தது. மேலே ஏற்றிக்கொண்டு போகும் தட்டு வண்டி இல்லை. கொக்கியும் பெல்ட்டும் உள்ள பழைய கிரேன்.

ஓட்டிவந்த பையனுக்கு 22, 23 வயது இருக்கும். நல்ல பையன். முதல் காரியமாக என் மனைவிக்குக் கேபினில் இடம் ஒழித்துக் கொடுத்து, "அம்மா, நீங்க மேல ஏறி உக்காருங்க, வெளியில லாரி காத்து அடிக்கும்" என்றார். அப்புறம் வேலையில் இறங்கினார். பேட்டரி செத்துப்போனதால் கியர் பார்க்கிங் நிலையான 'பி'யிலிருந்து நகரவில்லை. கியர் பக்கத்தில் இருந்த சின்ன மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, உள்ளே எதையோ அழுத்தி நியூட்ரலான 'என்'னுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்படி ஒரு மூடி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முன்பக்கம் பெல்ட் போட்டுத் தூக்கும்போது 'மடக்'கென்று ஒரு சத்தம். பம்பரின் அடி உதடு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. "முன்னாடி தாழ்வா இருக்கு சார், பின்னாடி தூக்கிக்கலாம்" என்று கிரேனைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தூக்கினார். ஸ்டீயரிங் ஆடாமல் சீட் பெல்ட்டால் கட்டினார். முன்சக்கரம் இரண்டும் ரோட்டில்.

"தம்பி, ஆட்டோமேட்டிக் வண்டி, இப்படி இழுக்கலாமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது உண்மை. "நியூட்ரல்ல இருக்கு சார், ஒண்ணும் ஆகாது. தினம் நாலு வண்டி இழுக்கிறேன்" என்றார். நான் விட்டுவிட்டேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

மறைமலை நகர் ஒர்க்‌ஷாப் வரை நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. என் மனைவி கேபினின் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மதுராந்தகம் தாண்டியதும் "சக்கரம் ரொம்ப வேகமா சுத்துதுங்க, மெதுவா போகச் சொல்லுங்க" என்றார். பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது எனக்கே ஏதோ தீய்ந்த வாடை வந்தது. கிரேன் பிரேக் வாடை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் காரை மேலே தூக்கி, கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கினார்கள். மெக்கானிக் ஒரு வெள்ளைத் துணியில் அதைத் தொட்டு என் முன்னால் விரித்தார். கறுப்பாக இருந்தது. நடுவே ஜிகினாத்தூள் தூவியதுபோல மினுமினுப்பு. "இது உள்ள இருக்கிற இரும்பு சார்" என்றார். பிறகு டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து, நான் ஒருநாளும் பிரிக்காத கையேட்டை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். முன்சக்கரம் தரையில் உருளும்படி இழுக்கக் கூடாது, முன்சக்கரத்தைத் தூக்கியோ நான்கு சக்கரத்தையும் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும் என்று படம் போட்டே இருந்தது. இன்ஜின் ஓடினால்தான் இந்த கியர்பாக்ஸில் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப் ஓடும். இன்ஜின் நின்ற வண்டியில் கியர்பாக்ஸோடு இணைந்த முன்சக்கரத்தை உருட்டிக்கொண்டே போனால் உள்ளே இருப்பதெல்லாம் ஆயில் இல்லாமல் உரசும். 'நியூட்ரல்' என்ற சொல் ஆறுதலுக்குத்தான். இன்ஜின் நான்கு சக்கரத்தையும் சுழற்றும் வண்டிக்கும் மின்சாரக் காருக்கும் கட்டாயம் தட்டு வண்டிதான் வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். மின்சாரக் காரில் சக்கரம் உருண்டாலே மோட்டார் கரன்ட் உண்டாக்க ஆரம்பித்துவிடுமாம்.

எஸ்டிமேட்: கியர்பாக்ஸ், பம்பர், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 1,86,400. பழுது பதினாலாயிரம், பழுதான வண்டியைக் கொண்டுவந்து சேர்த்ததில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல்.

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுதினால் படிப்பவர்களுக்கு அலுத்துவிடும். சாலை உதவி நிறுவனம், "நாங்கள் இடைத்தரகர் மாதிரிதான், கிரேன் எங்களுடையது இல்லை" என்றது. கிரேன் ஓனர், "வண்டி ஏற்கெனவே பழுதானதுதானே, கியர்பாக்ஸ் முன்னாடியே போயிருக்கும்" என்றார். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸிலிருந்து வந்த சர்வேயர் பம்பரை ஒப்புக்கொண்டு, கியர்பாக்ஸை இயந்திரக் கோளாறு என்று எழுதிவிட்டார். இயந்திரக் கோளாறுக்குப் பாலிசியில் பணம் கிடையாது. பம்பருக்குக் கொடுத்ததிலும் கட்டாயக் கழிவு ரூ. 1,000 போக மீதிதான். அத்தோடு, கிளெய்ம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் அந்த வருடம் போயிற்று. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கிளெய்ம் கேட்காமலே இருந்திருக்கலாம்.

வழக்கு நடக்கிறது. அதனால் யார் பெயரையும் எழுதவில்லை. பெயர் எழுதி என்ன ஆகப்போகிறது, வேறு எந்தக் கிரேன் வந்திருந்தாலும் அன்று இதேதான் நடந்திருக்கும்.

என்னை உறுத்துவது வேறொன்று. ஆர்.எம்.எஸ்.ஸில் நான் சேர்ந்த புதிதில் தபால் பிரிப்பவர்களுக்குத் தலைவரான எங்கள் ஹெட் சார்ட்டர் ஒன்று சொல்வார்: "பை கிழிஞ்சிருந்தா வாங்குறதுக்கு முன்னாடி எழுது. வாங்கிட்டேன்னா அது உன் கிழிசல்." ரயில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் பையை எண்ணி, முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கோளாறு இருந்தால் பட்டியலில் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். காப்பீடு செய்த பார்சல் என்றால் எடை கிராம் சுத்தமாக இருக்க வேண்டும், அரக்கு முத்திரை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது ஐந்நூறு ரூபாய்ப் பொருளாகக்கூட இருக்கும். எங்கள் துறைக்குச் சட்டமே பொறுப்பு விலக்குக் கொடுத்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது இருந்த 1898 அஞ்சல் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி சாதாரணத் தபால் தொலைந்தாலும் கெட்டாலும் அரசு பொறுப்பில்லை என்று இருந்தது. சாதாரணத் தபாலுக்குப் பொறுப்பே இல்லாத நாங்கள் அத்தனை எழுதினோம். ஒன்பது லட்ச ரூபாய்க் காரை நடுரோட்டில் கொக்கியில் மாட்டிக்கொண்டு போனவரிடம் நான் வாங்கியது ஒரு எஸ்.எம்.எஸ்., அதில் கிரேன் எண்ணும் ஓட்டுநர் பெயரும், அவ்வளவுதான்.

இனி சட்டம். என் மருமகள் வக்கீல் இல்லை, ஆனால் தேடிப் படிப்பதில் விடமாட்டாள். அவள் எடுத்துக் காட்டியவை இவை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 148: ஒரு காரியத்துக்காக ஒருவர் தன் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைப்பது, காரியம் முடிந்ததும் அவர் அதைத் திருப்பித் தருவது. பிரிவு 151: வாங்கிக்கொண்டவர், தன் சொந்தப் பொருளாக இருந்தால் ஒரு சாதாரண புத்தியுள்ள மனிதர் எவ்வளவு கவனமாக இருப்பாரோ அவ்வளவு கவனமாக இருக்க வேண்டும். பிரிவு 152: அவ்வளவு கவனம் எடுத்திருந்தால் சேதத்துக்கு அவர் பொறுப்பில்லை. லாண்டரிக்காரர், வாட்ச் ரிப்பேர்காரர், கிரேன்காரர் எல்லோருக்கும் இதே சட்டம்தான். கவனமாக இருந்தேன் என்று காட்ட வேண்டியது வாங்கிக்கொண்டவர் வேலை. கொடுத்தவர் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டியதில்லை.

கிரேன் பில்லின் அடியில் பொடி எழுத்தில் 'ஓனர் ரிஸ்க்' என்று அச்சிட்டிருந்தார்கள். அதைக் காட்டித்தான் முதலில் என்னை மிரட்டினார்கள். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1998இல் டெல்லியில் ஒருவர் நட்சத்திர ஓட்டல் வாசலில் தன் மாருதி ஜென் காரின் சாவியை நிறுத்தும் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். திரும்பி வரும்போது காரை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொடுத்த சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று இருந்தது. சாவியைக் கையில் வாங்கிய பிறகு, தன் கவனக்குறைவை அந்த வாசகத்தால் மறைக்க முடியாது, கவனமாக இருந்ததை ஓட்டல்தான் முதலில் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். ஓட்டல் வாசலுக்குப் பொருந்துவது அச்சிறுபாக்கம் ரோட்டுக்குப் பொருந்தாமல் போகுமா?

பாலிசியை வரி வரியாகப் படித்ததில் எனக்கே இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, தனியார் கார் பாலிசியில் தீ, திருட்டு, வெள்ளம் என்று அடுக்கும் இடத்தில், சாலை, ரயில், நீர்வழி, லிஃப்ட், விமானம் வழியாகக் கொண்டுசெல்லும்போது ஏற்படும் சேதமும் இருக்கிறது. சர்வேயர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் இன்சூரன்ஸ் கம்பெனியையும் வழக்கில் சேர்த்திருப்பது இதனால்தான்.

இரண்டாவது, கிரேன்காரர் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தார் என்பதற்கு விடை. வணிக வாகனங்களுக்கான வழக்கமான பாலிசியில், பழுதான வண்டியை இழுப்பது பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. இழுத்துப்போவதால் மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்பைக் கம்பெனி ஏற்கும். ஆனால் கூலிக்கு இழுக்கக் கூடாது. இழுக்கப்படும் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பே இல்லை. கூலிக்கு இழுப்பதுதான் அவர் தொழில்! தனியாகக் காப்பீடு எடுக்காவிட்டால், என் கியர்பாக்ஸுக்கு அவர் தன் சட்டைப்பையிலிருந்துதான் தர வேண்டும். ஒரு கிரேனை லோனில் வாங்கி ஓட்டுபவர் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு எங்கே போவார்? படித்ததும் அவர் மீது எனக்கிருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அவரை என்னிடம் அனுப்பிவிட்டு 'இடைத்தரகர்' என்று ஒதுங்கிக்கொண்ட நிறுவனத்தின் பக்கம் போய்விட்டது. பிரீமியம் வாங்கியது அவர்கள். கார் ஆட்டோமேட்டிக் என்று திரையில் பார்த்துப் படித்தது அவர்கள். கொக்கி வண்டியை அனுப்பியதும் அவர்கள்தான்.

போலீஸ் இழுத்துப்போகும் வண்டிகளுக்கும் இதே கதைதான். மோட்டார் வாகனச் சட்டம் 127ஆம் பிரிவு, 10 மணி நேரம் ஆளில்லாமல் நிற்கும் வண்டியையும் நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துச்செல்லச் சீருடையில் இருக்கும் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. இழுத்த செலவு உரிமையாளர் தலையில் என்றும் சொல்கிறது. இழுக்கும்போது உடைந்தால் யார் தலையில் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. தி.நகரில் என் தம்பி மகனின் ஸ்கூட்டரை லாரியில் தூக்கிப் போட்டதில் கண்ணாடி ஒன்று போயிற்று, சைலன்சர் மூடி நசுங்கிற்று. அபராதம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வந்தான். கண்ணாடியைப் பற்றிக் கேட்டதற்கு, "முதல்லயே உடைஞ்சிருந்ததுப்பா" என்று பதில். உடைந்திருந்ததா இல்லையா என்பதற்கு அவனிடமும் சாட்சி இல்லை, அவர்களிடமும் இல்லை. நோ பார்க்கிங்கில் நிறுத்தியது அவன் தப்பு. அதற்குத்தான் அபராதம் கட்டியாயிற்றே.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லை. கொக்கி மாட்டுவதற்கு முன் ஒரு தாள். வண்டியின் நாலு பக்கமும் போட்டோ, ஓடிய கிலோமீட்டர், கியர் எந்த வகை, எந்தச் சக்கரத்தைத் தூக்கி இழுக்கப்போகிறோம், ஏற்கெனவே இருக்கும் கீறலும் நசுங்கலும் எங்கே, இரண்டு பேர் கையெழுத்து. இறக்கும் இடத்தில் மறுபடி ஒருமுறை. கையில் போன் இல்லாத கிரேன்காரர் இன்று யாரும் இல்லை. ஐந்து நிமிட வேலை. இந்தத் தாள் இல்லாவிட்டால் சேதம் இழுத்தவர் கணக்கில் என்று போக்குவரத்துத் துறை ஒரு உத்தரவு போடலாம். சாலை உதவித் திட்டம் விற்கும் கம்பெனிகள், தாங்கள் அனுப்பும் கிரேனுக்கு, இழுக்கப்படும் வண்டிக்கான காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லலாம். போலீஸ் இழுவை வண்டிகளும் இதே தாளை எழுதட்டும்.

அதுவரைக்கும் என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு தகவல். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி, கிரேன்காரர் எந்த ஊராக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த கட்டணத்தின் மதிப்பு ரூ. 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். நான் செங்கல்பட்டில் போட்டிருக்கிறேன். என்னிடம் இருக்கும் பெரிய சாட்சி, கார் நின்றதும் மகளுக்கு அனுப்புவதற்காக என் மனைவி எடுத்த போட்டோ. மாலை 6.12 என்று நேரம் இருக்கிறது, பம்பர் முழுசாக இருக்கிறது. "எதுக்கு இப்ப போட்டோ?" என்று அன்று அவரிடம் சிடுசிடுத்தது நான்தான்.

இப்போது காரில் ஒரு அட்டையில் கிளிப் போட்டு, கார்பன் வைத்து, நான் தயாரித்த தாள்கள் இருக்கின்றன. பழைய வேலையின் பழக்கம். போன மாதம் எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுக்க ஒரு தட்டு வண்டி வந்தது. நானே தாளை எடுத்துக்கொண்டு போனேன். வந்த பையன் தகராறு செய்வார் என்று நினைத்தேன். முழுசாகப் படித்தார், காரைச் சுற்றி வந்தார், இடது கதவில் இருந்த பழைய நசுங்கலைத் தானே கண்டுபிடித்து எழுதச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். பிறகு, "எனக்கும் ஒரு காப்பி கிழிச்சுக் குடுங்க ஐயா. ஏதாவது ஆச்சுன்னா ஓனர் என் சம்பளத்துலதான் பிடிப்பாரு" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
முடிச்சூர், மேற்கு தாம்பரம்.